ஆயுளைக் கூட்டும் மாத்திரையும் நீங்கள் போடாத மாத்திரையும்

வாசகர் கடிதம்:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 63 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். சைவச் சாப்பாடுதான். முதுமையைத் தள்ளிப்போடும் ஆராய்ச்சிகளைப் பற்றி நிறையப் படிக்கிறேன், வீடியோக்களும் பார்க்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகன் என்எம்என் மாத்திரை அனுப்பியிருக்கிறான். சர்க்கரை இல்லாதவர்களும் மெட்ஃபார்மின் போட்டால் ஆயுள் கூடும் என்கிறார்கள். ராபமைசின் அதைவிடப் பலமானதாம். தெரிந்த மருந்துக்கடைக்காரர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எட்டு மாதமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். 66 கிலோ இருந்தவன் 59-க்கு வந்துவிட்டேன். என் அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனார்கள். ஆனால் அப்பாவைப் பெற்ற ஆச்சி 106 வயது வரை இருந்தார்கள். நான் யார் பக்கம் என்று தெரிந்துகொள்ள உயிரியல் வயதுப் பரிசோதனை செய்யலாமா? பிரஷர் 150/90-ஐ ஒட்டி இருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒருமுறை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது என்பதால் போடவில்லை.

பி.கு.: ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது கொஞ்ச நாளாக முழங்காலில் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. வயசுதானே? மனைவிக்கு 58 வயது. சர்க்கரைக்காக ஏழு வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறாள். ராத்திரியில் பாதம் எரிகிறது என்கிறாள். அவளும் என்எம்என் எடுக்கலாமா?"

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் பதறியது உங்கள் பின்குறிப்பைப் பார்த்துத்தான். ஆனால் நேரே அங்கே போனால், "கேட்டதை விட்டுவிட்டு உபதேசம் பண்ணுகிறார்" என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். அதனால் மாத்திரைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் படிப்பதெல்லாம் கட்டுக்கதை இல்லை. 1993-ல் அமெரிக்காவில் சிந்தியா கென்யன் குழுவினர், மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணுவை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் முடிய வேண்டிய புழுவின் ஆயுள் இரண்டு மடங்கானது. அதுவும் படுத்த படுக்கையாக இல்லை, நன்றாக நெளிந்து ஓடிக்கொண்டே. வயதாவதைக் கூட்டவும் குறைக்கவும் உடம்புக்குள்ளேயே வழி இருக்கிறது என்று இந்தத் துறை நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். 2013-ல் ஸ்பெயினின் கார்லோஸ் லோபஸ்-ஓட்டினும் சகாக்களும் முதுமையின் அடையாளங்கள் என்று ஒன்பதைப் பட்டியல் போட்டார்கள். டிஎன்ஏ பழுதாவது, குரோமோசோம்களின் நுனியில் தொப்பி போல இருக்கும் டெலோமியர் குறுகுவது, பிரியவும் பிரியாமல் சாகவும் சாகாமல் உட்கார்ந்து பக்கத்து செல்களைக் கெடுக்கும் கிழட்டு செல்கள் சேர்வது, இப்படி. 2023-ல் அதே குழு அதைப் பன்னிரண்டாக்கியது. பட்டியல் நீளுவதைப் பார்த்தாலே, ஒரு மாத்திரையில் முடிகிற காரியமா இது என்று கொஞ்சம் சந்தேகம் வர வேண்டும்.

இந்தத் துறையில் நான் பெரிதும் மதிப்பது ஒரு எலித் திட்டத்தை. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் நடத்துவது. மெய்ன், மிச்சிகன், டெக்சாஸ் என்று மூன்று இடத்து ஆய்வகங்கள் ஒரே மருந்தை ஒரே முறையில் எலிகளுக்குக் கொடுத்து, அவை சாகும் வரை காத்திருந்து கணக்கெடுக்கும். ஓர் ஆய்வகத்தில் மட்டும் கிடைத்த அதிர்ஷ்டம் இங்கே செல்லாது. எலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. மனிதர்களைப் போலப் பலவித மரபணுக் கலவை கொண்டவை. நீங்கள் எழுதியவற்றில் ராபமைசினும் மெட்ஃபார்மினும் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கின்றன.

ராபமைசின் நல்ல மார்க்கில் தேறியது. 2009-ல் வந்த முடிவு அது. 600 நாள் வயதான எலிகளுக்கு, அதாவது ஏறக்குறைய உங்கள் வயது மனிதருக்கு ஈடான எலிகளுக்கு, உணவில் கலந்து கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது எலிகள் செத்துப்போகும் வயது, பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் தள்ளிப்போனது. முதுமையில் ஆரம்பித்தும் பலன் என்பதுதான் எல்லோரையும் தூக்கிப்போட்டது.

அந்த மருந்தின் கதையே ஒரு தனிக் கதை. 1964 கடைசியில் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு ஈஸ்டர் தீவுக்குக் கப்பலில் போனது. அங்கே அள்ளி வந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தவர் நம் பஞ்சாப் பக்கத்தில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். தீவுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ராபா நூய், அதிலிருந்து ராபமைசின். அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி ஆராய்ச்சியை மூட்டை கட்டியபோது, மனுஷன் அந்த நுண்ணுயிர்க் குப்பிகளை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. எதற்கு? சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியவர்களின் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க.

அண்ணாச்சி, இந்தக் கடைசி வரியை உங்கள் மருந்துக்கடை நண்பரிடமும் வாசித்துக் காட்டுங்கள். இது நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து. ஆய்வக எலி வடிகட்டிய காற்றில், கிருமி எட்டிப் பார்க்காத கூண்டில் வாழ்கிறது. நீங்கள் ஆற்றில் குளிக்கிறீர்கள், பஸ்ஸில் இருமுகிறவர் பக்கத்தில் உட்காருகிறீர்கள். நம்மில் ஏராளமானவர்களின் நுரையீரலில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்க வைத்திருப்பதே அந்த எதிர்ப்புச் சக்திதான். வாய்ப்புண், கொழுப்பு ஏறுவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் இதில் சகஜம். சில ஆன்டிபயாட்டிக்குகளும் சில பிரஷர் மாத்திரைகளும் சேர்ந்தால் இதன் அளவு ரத்தத்தில் தாறுமாறாக ஏறும். இன்னொன்று, ஆய்வக எலிகளில் பெரும்பாலானவை சாவது புற்றுநோயால். உங்கள் குடும்பத்தில் ஆளைக் கொண்டுபோனது இதயம். எலி எதில் தப்பியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? குறைந்த அளவில், வாரம் ஒருமுறை என்று மனிதர்களில் சிறிய ஆய்வுகள் நடக்கின்றன. நாய்களில் பெரிதாக ஒன்று நடக்கிறது. முடிவுகள் வரட்டும். அதுவரை சீட்டு இல்லாமல் இதை விற்பவர் உங்களுக்கு நண்பர் இல்லை.

பணத்தையும் புகழையும் நம்பாதீர்கள் என்பதற்கு இதே துறையில் ஓர் உதாரணம் உண்டு. சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் ஒரு காலத்தில் இப்படித்தான் கொடிகட்டிப் பறந்தது. அதை வைத்துத் தொடங்கிய கம்பெனியை 2008-ல் கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கி, 2013-ல் மூடிவிட்டது. எலிப் பரீட்சையிலும் ரெஸ்வெரட்ரால் தேறவில்லை.

மெட்ஃபார்மினுக்கு வருவோம். பிரான்சில் 1957-லிருந்து சர்க்கரைக்கு இருக்கும் மருந்து. நான் தினமும் எழுதுகிற மருந்து, எனக்குப் பிடித்த மருந்தும்கூட. ஆயுள் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 2014-ல் பிரிட்டனில் ஒரு கணக்கெடுப்பில், மெட்ஃபார்மின் போட்ட சர்க்கரைக்காரர்கள் சர்க்கரையே இல்லாதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. அதற்கப்புறம் 2022-ல் டென்மார்க்கில் அதே கேள்வியைக் கவனமாகக் கேட்டபோது அந்தக் கூடுதல் காணாமல் போனது. எலிப் பரீட்சையில் மெட்ஃபார்மின் தனியாகத் தேறவில்லை. நிர் பார்சிலாய் என்ற நியூயார்க் மருத்துவர், 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேரை வைத்து ஆறு வருடம் பார்க்கத் திட்டம் போட்டுப் பல வருடமாகப் பணம் தேடிக்கொண்டிருக்கிறார். காப்புரிமை காலாவதியான, காசுக்கு நாலு கிடைக்கிற மாத்திரைக்கு எந்தக் கம்பெனி பணம் போடும்?

உங்களுக்கு மெட்ஃபார்மின் வேண்டாம் என்று நான் சொல்ல வேறு காரணமும் இருக்கிறது. 2019-ல் வந்த ஓர் ஆய்வு. 65 வயது தாண்டிய, சர்க்கரை இல்லாதவர்கள் 14 வாரம் எடை தூக்கிப் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மெட்ஃபார்மின் போட்டவர்களுக்குத் தசை குறைவாகத்தான் ஏறியது. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதே தசை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்எம்என் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உடம்பில் என்ஏடி என்ற பொருள் வயதாக ஆகக் குறைகிறது, இந்த மாத்திரை ரத்தத்தில் அதைக் கூட்டுகிறது. அதுவரை உண்மை. கூட்டினால் மனிதர் நீண்ட நாள் வாழ்கிறாரா என்றால், யாரும் காட்டவில்லை. பலரும் மேற்கோள் காட்டும் 2021 அமெரிக்க ஆய்வில் இருந்தது மொத்தம் 25 பெண்கள், பத்து வாரம். தசையில் இன்சுலின் வேலை செய்வது சற்று மேம்பட்டது. எடையோ பிரஷரோ மாறவில்லை. இதன் உறவுக்காரப் பொருளான நிகோடினமைடு ரைபோசைடு எலிப் பரீட்சையில் ஆயுளைக் கூட்டவில்லை. மகன் அனுப்பிய பாட்டிலால் பெரிய கெடுதல் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். அடுத்த பாட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணத்துக்கு மேல்கையில் பட்டை சுற்றுகிற நல்ல பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற வகை வேண்டாம்.

ஆச்சி கதைக்கு வருகிறேன், கோபப்படக் கூடாது. 106 என்று எப்படிக் கணக்கு போட்டீர்கள்? பிறப்பு, இறப்பை நாடு முழுக்கக் கட்டாயமாகப் பதியச் சொன்ன சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முந்திய தலைமுறையில், "ஆத்துல பெருவெள்ளம் வந்த வருஷம் நான் கைக்குழந்தை" என்று ஆரம்பித்து, எந்த வெள்ளம் என்று வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். எழுபது தாண்டியதும் ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு வயது ஏறிவிடும். இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. 2010-ல் ஜப்பானில் சோதித்தபோது, நூறு வயது தாண்டியவர்களாகக் குடும்பப் பதிவேட்டில் இருந்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆளையே காணவில்லை. டோக்கியோவில் 111 வயது என்று வாழ்த்துச் சொல்லப் போன அதிகாரிகள் கண்டது முப்பது வருடத்துக்கு முன்பே செத்துப்போனவரின் உடலை. பென்ஷன் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சால் நியூமன் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட கோளாறுகளைத் தோண்டித் தோண்டி எடுத்து 2024-ல், சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்நோபல் பரிசு வாங்கினார். வங்கியில் இருந்தவர் நீங்கள், ஆவணம் இல்லாத கணக்கின் மதிப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆச்சி 106 இல்லாமல் 92 என்றே வைத்துக்கொண்டாலும் நல்ல ஆயுள்தான். ஆனால் ஆயுளில் பரம்பரையின் பங்கு நாலில் ஒன்று என்றது 1996-ல் வந்த டென்மார்க் இரட்டையர் ஆய்வு. பின்னால் வந்த கணக்குகள் அதைக் குறைத்தும் சொல்கின்றன, கூட்டியும் சொல்கின்றன. ஆச்சி அப்பாவைப் பெற்றார்கள், அப்பா 54-ல் போனார்கள். அதுவே போதுமான பதில். மருத்துவப் புத்தகத்தில், 55-க்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு என்றால் மகன் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு போடுவோம். அப்பாவின் வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்பதால் அந்தக் கோடு அழிந்துவிடாது.

உயிரியல் வயதுப் பரிசோதனை வேண்டாம். 2013-ல் ஸ்டீவ் ஹோர்வாத், டிஎன்ஏவில் 353 இடங்களைப் பார்த்து வயதைச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. ஆயிரம் பேரின் சராசரியைப் பார்க்க உதவும். ஒரு ஆளுக்கு என்று வரும்போது, இந்த வகைக் கடிகாரங்கள் சிலவற்றில் ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால்கூட ஒன்பது வருடம் வரை வித்தியாசம் வந்திருக்கிறது. 58 என்று வந்தால் மெதப்பாக இருப்பீர்கள், 67 என்று வந்தால் தூக்கம் போகும். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

சரி, இப்போது நான் சொல்ல வந்தது. எலிப் பரீட்சை இருக்கட்டும், மனிதப் பரீட்சையில், அதுவும் முதியவர்களின் பரீட்சையில், சாவைத் தள்ளிப்போட்டுக் காட்டிய மாத்திரை ஒன்று இருக்கிறது. அதன் சீட்டு உங்கள் மேஜை டிராயரில் கிடக்கிறது.

2008-ல் வந்த ஹைவெட் என்ற ஆய்வைச் சொல்கிறேன். 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேர், மேல் எண் 160-ம் அதற்கு மேலும். பாதிப் பேருக்குப் பிரஷர் மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. எண்பது வயதுக்கு மேல் பிரஷரைக் குறைத்தால் ஆபத்தோ என்று அன்றைக்கு டாக்டர்களுக்கே சந்தேகம். இரண்டு வருடம் போல ஆனதும் பாதியில் நிறுத்திவிட்டார்கள், மாத்திரை போட்டவர்கள் அவ்வளவு தெளிவாகப் பிழைத்ததால். எந்தக் காரணத்தாலும் வரும் சாவு 21 சதவீதம் குறைவு. இதயம் செயலிழப்பது 64 சதவீதம் குறைவு. உங்கள் அளவு பிரஷருக்கு நெருக்கமானது 2015-ல் வந்த ஸ்பிரின்ட். 50 வயது தாண்டிய 9,361 பேர், சர்க்கரை இல்லாதவர்கள், இதய ஆபத்து கூடியவர்கள். மேல் எண்ணை 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களில் சாவு 27 சதவீதம் குறைவு. ராபமைசினுக்கு மனிதரில் இப்படி ஒரு வரி எழுத முடிந்தால் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுப்பார்கள். பிரஷர் மாத்திரைக்கு வீடியோ போட யாருக்கும் ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்.

"ஆரம்பித்தால் நிறுத்த முடியாது" என்பதை நம் ஊரில் வாரத்துக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறேன். மாத்திரை உங்களைப் பிடித்துவைப்பதில்லை. பிரஷர் இருக்கிறது, அதனால் மாத்திரை தொடர்கிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்கும், அதற்காகக் கண்ணாடியைக் குற்றம் சொல்வோமா? உப்பைக் குறைத்து, உடம்பு அசைந்து, அளவு இறங்கியவர்களுக்கு நானே மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், ஆயுள் மாத்திரைகளை ஆயுள் முழுக்கப் போட நீங்கள் தயாராகத்தான் இருக்கிறீர்கள்.

உப்பு என்றதும் உங்கள் ஊர் அப்பளம் ஞாபகம் வருகிறது. கல்லிடைக்குறிச்சிக்காரரிடம் அப்பளத்தை விடச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. தினமும் வேண்டாம், அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே இலையில் வேண்டாம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன், தலை தட்டி.

மெஷின் வந்ததும் ஒரு வாரம் பாருங்கள். காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் என்றால் அது பிரஷர்தான். ஒரு தடவை எழுந்து நின்று இரண்டு நிமிடம் கழித்தும் பாருங்கள். உட்கார்ந்ததைவிட மேல் எண் 20 குறைந்தால் அதை டாக்டரிடம் முக்கியமாகச் சொல்லுங்கள், பட்டினி கிடப்பவர்களுக்கு இது நடக்கும். இந்தத் தாளோடு அம்பை அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈசிஜி, கொழுப்பு, கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாத சர்க்கரை, தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை அங்கே இலவசம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள்.

இனி, அந்தப் படித்துறை.

வயசுதானே என்று கேட்டீர்கள். எட்டு மாதத்தில் யாருக்கும் அவ்வளவு வயதாகிவிடாது. 66 கிலோவில் ஏழு கிலோ என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். இந்த வயதில் பட்டினியில் இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தொடையும் பிட்டமும் சேர்ந்து போகும். படி ஏற வேண்டியவை அவைதான். நீங்களே குறைத்தது என்றாலும், இவ்வளவு எடை போயிருப்பதால், காசநோய் இல்லை என்று உறுதி செய்ய, சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உணவைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு வயது தொண்ணூறு. 1935-லேயே கிளைவ் மெக்கே எலிகளில் காட்டினார். குரங்குகளில் வந்தபோது சிக்கல் ஆனது. விஸ்கான்சினில் குறைவாகச் சாப்பிட்ட குரங்குகள் நீண்ட நாள் வாழ்ந்தன என்று 2009-ல் சொன்னார்கள். அதே சோதனையை நடத்திய தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-ல் அப்படி ஒன்றும் இல்லை என்றது. கிண்டிப் பார்த்தால், விஸ்கான்சினில் ஒப்பிட வைத்திருந்த குரங்குகள் சர்க்கரை கூடிய தீனியை இஷ்டத்துக்குத் தின்றிருந்தன. மற்ற இடத்தில் ஒப்பிட்ட குரங்குகளுக்கே அளவுச் சாப்பாடு. மனிதர்களில் காலரி என்ற ஆய்வு இரண்டு வருடம் நடந்தது. 25 சதவீதம் குறைக்கச் சொன்னதற்கு 12 சதவீதம்தான் குறைக்க முடிந்தது, அதற்கே முதுமையின் வேகம் 2-3 சதவீதம் மட்டுப்பட்டதாக ஒரு டிஎன்ஏ கடிகாரம் காட்டியது. உங்கள் வீடியோக்களில் சொல்லாமல் விட்டது, அதில் சேர்ந்தவர்கள் 50 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதும், அவர்களுக்கே தசையும் எலும்பும் கொஞ்சம் குறைந்தது என்பதும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழுக்க எழுந்து முழுக்க உட்காருவதை ஐந்து தடவை, முடிந்த வேகத்தில். மனைவி செல்போனில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை தளர்கிறது என்று பொருள். அப்புறம் தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளவெடுங்கள், இறுக்காமல். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கவனிக்க வேண்டும். 2019-ல் ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு வகுத்த அளவுகள் இவை, வெள்ளைக்காரர் கணக்கு இல்லை.

ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ராத்திரி ஏழரைக்குள் முடித்துக் காலை எட்டு வரை ஒன்றும் வேண்டாம் என்றால், அந்த அளவு உபவாசம் போதும். உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்துத் தெரிந்த பிறகு. சைவ வீட்டில் இது தானாக வராது. சொதியில் தேங்காய்ப்பாலும் காய்கறியும்தான் இருக்கிறது, பாசிப்பருப்பைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். நம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் இருக்க எதற்கு டப்பா பவுடர்? நூறு கிராம் உளுந்தில் இருபது கிராமுக்கு மேல் புரதம். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு வேளை தயிர், ராத்திரி ஒரு டம்ளர் பால், பன்னீரோ சோயாவோ வாரத்தில் நாலு நாள்.

சாப்பிட்டால் மட்டும் தசை வராது. ஈசிஜி பார்த்து டாக்டர் சரி என்றதும், வாரம் மூன்று நாள் அந்த நாற்காலியிலேயே எழுந்து உட்காருவது பத்துப் பத்தாக மூன்று சுற்று. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. சுலபமாகிவிட்டால் இரண்டு கையிலும் இரண்டு கிலோ அரிசிப் பை. 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி 90 வயதான பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு எட்டு வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது அறுபத்து மூன்றில் முடியாதா? நடையும் வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி வரை நன்மை ஏறுகிறது, அதற்கு மேல் பெரிதாக ஏறுவதில்லை. படித்துறை பாசி பிடித்திருக்கும் நாளில் மட்டும் வீட்டிலேயே குளித்துக்கொள்ளுங்கள்.

வீட்டம்மாவுக்கு என்எம்என் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. ஏழு வருட மெட்ஃபார்மின், அதோடு சைவச் சாப்பாடு, ராத்திரி பாத எரிச்சல். சர்க்கரையாலும் பாதம் எரியும், ஆனால் மெட்ஃபார்மின் நாள்பட நாள்பட வைட்டமின் பி12-ஐக் குறைக்கும், அந்தச் சத்து கிடைப்பதே பாலிலும் அசைவத்திலும்தான். அதனால் நரம்பு கெட்டாலும் இதே எரிச்சல்தான் வரும், கவனிக்காமல் விட்டால் திரும்பாது. பி12 அளவு 200-க்குக் கீழே இருந்தால் ஊசியோ மாத்திரையோ தொடங்க வேண்டும். அதற்காக மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் டாக்டர் பார்க்கட்டும். கண்ணில் மருந்து விட்டு விழித்திரை பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ரிப்போர்ட்டும் வந்ததும், அவர்களுடைய மாத்திரைச் சீட்டையும் உங்கள் ஒரு வாரப் பிரஷர் தாளையும் சேர்த்து எழுதுங்கள்.